இருபத்தெட்டாயிரம் சம்பளம்

"ஷைனி, இங்க வா. ஒன் சம்பளம் எம்புட்டுன்னு இவங்களுக்குச் சொல்லு."

சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வந்து ஷைனி இன்னும் சேலைகூட மாற்றவில்லை. அதற்குள் முன்னறையிலிருந்து அப்பாவின் குரல். அவளுக்கு எரிச்சலாக வந்தது.

ஆரோக்கியதாஸ் திண்டுக்கல்லில் ஒரு கடலை மண்டியில் எடை போடுகிறவர். நல்ல மனுஷன்தான். மகள் பேச்சு வந்தால் மட்டும் வாய் கொஞ்சம் நீளும். "எம்மக டாக்டருக்கு அசிஸ்டென்ட். மாசம் இருபத்தெட்டாயிரம்" என்று மூட்டை கொண்டுவருகிற எல்லோரிடமும் சொல்லிவிடுவார்.

அதைக் கேட்டுவிட்டு வந்தவர்தான், நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்த மூக்காயி. குஜிலியம்பாறைப் பக்கம் ரெண்டு ஏக்கரில் மழையை நம்பிக் கடலை போடுகிறவர். புருஷன் இல்லை. ஒரே மகள், பிளஸ் டூ முடித்திருந்தாள்.

"ஒண்ணுமில்ல தாயி. எம்மகளும் நீ படிச்ச டாக்டர் அசிஸ்டென்ட் படிப்பையே படிக்கணுங்குறா. நாலு வருஷத்துக்கு நாலரை லட்சமாம். நாளைக்கு நெலத்தக் கிரையம் பண்ணப் போறோம். 'கையெழுத்துப் போடுறதுக்கு முந்தி எம்மககிட்ட ஒரு வார்த்த கேட்டுக்க'ன்னு அண்ணன்தான் கூட்டியாந்துச்சு."

இருபத்தெட்டாயிரம் என்று அப்பாவிடம் சொன்னவள் ஷைனிதான். வேலைக்குச் சேர்ந்த அன்று சொன்ன பொய். கடன் வாங்கிப் படிக்க வைத்த மனுஷன் நொந்துபோவாரே என்று சொன்னாள். ரெண்டு வருஷமாக அதைக் கட்டிக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள்.

"அது ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி மாறும் அத்தே..."

"மத்த ஆஸ்பத்திரியெல்லாம் யாரு கேட்டா? நீ கையில வாங்குறது எம்புட்டு?" அப்பா விடவில்லை.

"அப்பா, செத்த உள்ள வாங்களேன்."

"இங்கயே சொல்லு."

இந்த மனுஷனுக்கு இன்றைக்கு என்னதான் வந்தது? இருபத்தெட்டு என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும். அப்பாவின் மானம் காப்பாற்றப்படும். நாளைக்கு அந்த ரெண்டு ஏக்கர் கைமாறிவிடும்.

ஷைனி மூக்காயியின் முகத்தைப் பார்த்தாள்.

"பதினோராயிரத்து ஐநூறு அத்தே."

மூக்காயி திரும்பி ஆரோக்கியதாஸைப் பார்த்தார். அவர் தரையைப் பார்த்தார்.

ஷைனி நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்கத் தைரியம் வராது என்று அவளுக்குத் தெரியும்.

"வாங்குன லோன் நாலு லட்சம். மாசம் ஏழாயிரத்து ஐநூறு கட்டுறேன். மிச்சம் நாலாயிரம். அது பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்குமே சரியாப் போயிரும். அதான் டூட்டி முடிஞ்சு சாயங்காலம் இன்னொரு கிளினிக்குல போய் நிக்கிறேன். இன்னும் ஆறு வருஷம் கட்டணும்."

"அப்ப அது ஒதவாத படிப்பா தாயி?"

"அய்யோ, படிப்பு நல்ல படிப்பு அத்தே. வேலையும் எனக்குப் புடிச்ச வேலை. ஆனா நெலத்த வித்துப் படிச்சா, வித்த காசு திரும்பி வாராது. அரசாங்கக் கவுன்சிலிங்குக்குப் போடச் சொல்லுங்க. நர்சிங்கோ, லேப் படிப்போ, அரசாங்கக் காலேஜுல கெடச்சா ஃபீஸ் கொஞ்சந்தான். அப்ளிகேஷன் போட நானே கூட வாரேன்."

மூக்காயி எழுந்து, ஷைனியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நெலம் தப்பிச்சுச்சு தாயி. நீ நல்லா இருக்கணும். ஆனா ஒண்ணு சொல்லுறேன், கோவிச்சுக்காத. பெத்த தகப்பன இம்புட்டு நாளா ஏமாத்தியிருக்கியே. ஒன்னய நம்பித்தான அவரு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சாரு. இனிமே மண்டியில எப்படித் தல நிமிருவாரு?"

பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று மூக்காயி கிளம்பிப் போனார். அவர் தெருமுனை தாண்டியதும் ஷைனி உடைந்து அழுதாள்.

"என்னய மன்னிச்சிருங்கப்பா. சர்ச்சுல பாவசங்கீர்த்தனம் பண்ணப்ப சாமியார்கிட்டக்கூட இந்தப் பாவத்தச் சொல்லிட்டேன். ஒங்ககிட்டச் சொல்லத்தான் வாய் வரல. என் பேச்ச நம்பித்தான நீங்க அத்தைகிட்டச் சொன்னீங்க? அவங்க நெலம் போயிருந்தா, அதுக்கு நான்தானப்பா காரணம்?"

ஆரோக்கியதாஸ் ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்து மாட்டினார்.

"நேத்து நானும் அவருகிட்டத்தான் பாவசங்கீர்த்தனம் பண்ணேன்மா. 'எங்கிட்டச் சொன்னாப் பத்தாது, அந்தம்மாகிட்டப் போய்ச் சொல்லுங்க'ன்னாரு. எனக்கு அந்தத் தெம்பு இல்ல. அதான் ஒன்னய முன்னால நிறுத்திட்டேன்."

"நீங்க என்னப்பா பாவம் பண்ணீங்க? இப்ப எங்க கெளம்புறீங்க?"

"பஸ் ஸ்டாண்டுக்கு. போன வருஷம் நீ ரெண்டு தவணை கட்டலன்னு பேங்குல இருந்து என்னயத்தான் கூப்ட்டாங்க. நேரா ஒன் ஆஸ்பத்திரி ஆபீஸுக்குப் போய் விசாரிச்சேன். அன்னைக்கே ஒன் சம்பளம் எனக்குத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டேதான் மூக்காயிகிட்ட இருபத்தெட்டுன்னு சொன்னேன். அவங்க பஸ் ஏறுறதுக்குள்ள அத என் வாயால சொல்லிட்டு வாரேன்."