கடைசி விசில்

"மக்கா, தோள்பட்டை வீங்கிக் கெடக்கு. இன்னைக்கு ஆட வேண்டாம்," என்றாள் நர்ஸ் டெல்சி.

"சீசனோட கடைசி மேட்ச், மம்மி. போயே ஆகணும்," என்றான் ஆல்டோ. ஷார்ஜாவில் அவன் படிக்கும் சின்னக் கல்லூரியின் அமெரிக்கன் ஃபுட்பால் அணி, அதுவரை எல்லா ஆட்டத்திலும் தோற்றிருந்தது.

மகன் கேட்கமாட்டான் என்று தெரிந்து, டெல்சி தோளில் இறுக்கிக் கட்டுப்போட்டு அனுப்பினாள்.

டூட்டி முடிந்து அவள் மைதானத்துக்கு ஓடியபோது, பையன்கள் ஆல்டோவைக் கட்டிப்பிடித்துக் குதித்துக்கொண்டிருந்தார்கள்.

டெல்சிக்குக் கண் நிறைந்தது. "ஜெயிச்சிட்டியளா மக்கா?"

"இல்லை மம்மி. நாற்பது பாயிண்ட் வித்தியாசத்துல தோத்துட்டோம்."

"பின்னே எதுக்குலே இந்தக் கூத்து?"

"ஒரு மேட்சைப் பாதியில விட்டாலும் டீமைக் கலைச்சிடுவோம்னு காலேஜ்ல சொல்லியிருந்தாங்க. மாத்து ஆளே இல்லாம, பதினோரு பேரும் கடைசி வரைக்கும் நின்னுட்டோம். அடுத்த வருஷமும் ஆடுவோம் மம்மி!"