யாரும் தூக்கிப்போக முடியாது

மசாலா அரைக்கும் மெஷினைத் துடைத்துக் குங்குமம் வைத்தாள் காமாக்ஷி. மகளைக் கட்டிக்கொடுத்து அனுப்புகிறவள் மாதிரி கண் கலங்கியிருந்தது.

வெளியே லாரி வந்து நின்றது. கொச்சங்காடியில் அவர்கள் வேலை பார்த்த அந்தக் கிடங்கின் கதவு இழுத்தால் வராது. டிரைவர் பினு கீழ்மூலையில் ஓர் உதை விட்டுத் திறந்துகொண்டு உள்ளே வந்தான்.

"பேசாம வீட்டுக்குக் கொண்டு போயிடுடி," என்றாள் கூட வேலை பார்த்த அம்மிணி. "உன் கம்மலை வித்து வாங்கினது. நாலு வீட்டுக்கு அரைச்சுக் கொடுத்தாலும் கஞ்சி குடிக்கலாம். யாரு கேக்கப் போறா?"

"அது சுஜித் பண்ற வேலை."

அந்தப் பெயரைச் சொன்னாலே அவளுக்கு வயிறு எரியும். இதே கிடங்கில் முன்பு கம்பெனி நடத்திய மகராசன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆள் இல்லாத நேரம் பார்த்து மெஷின்களையெல்லாம் ஏற்றிக்கொண்டு போய்விட்டான். மறுநாள் வேலைக்கு வந்த பெண்கள் வெறும் தரையைத்தான் பார்த்தார்கள்.

அதனால்தான் பெண்களே சேர்ந்து கம்பெனி தொடங்கியபோது வக்கீல் மஞ்சுஷாவிடம் காமாக்ஷி பிடிவாதம் பிடித்தாள். "சொந்தம்னு சொல்லி யாரும் தூக்கிட்டுப் போக முடியாத மாதிரி ஒண்ணு வேணும் மேடம்."

"அப்போ சேவைக் கம்பெனியா பதியலாம் சேச்சி. லாபத்தைப் பங்கு பிரிக்க முடியாது. நாளைக்கு மூடினாலும் சொத்து உங்க யார் கைக்கும் வராது. இதே மாதிரி சேவை செய்யற வேற கம்பெனிக்குத்தான் போகும்."

காமாக்ஷிக்கு அப்போதுதான் நிம்மதி. தன் மெஷினையும் கம்பெனிக்கே கொடுத்துவிட்டாள்.

ஆர்டர் நின்றுபோய் இப்போது கம்பெனியை மூடியாயிற்று. சட்டப்படி மெஷின் போவது, களமசேரியில் பெண்களுக்காக நடக்கும் ஒரு சேவைக் கம்பெனிக்கு.

"நம்மளை மாதிரி பொம்பளைங்க கைக்குத்தானே போகுது. திருடன் கைக்கு இல்லையே," என்ற காமாக்ஷி, தானும் ஒரு பக்கம் பிடித்து லாரியில் ஏற்றினாள். நாளைக்கு அடுப்பு எரிய என்ன வழி என்று அவளுக்கே தெரியவில்லை.

"மெதுவா ஓட்டு மோனே. அடிபட்டுடப் போகுது."

பினு தலையாட்டினான். கயிற்றை இறுக்கிவிட்டு செல்போனைக் காதில் வைத்தான்.

"சுஜித் சேட்டா, நம்ம களமசேரி கம்பெனிக்குச் சாமான் ஏத்தியாச்சு. இந்தத் தடவை அவங்களே தூக்கிக் கொடுத்தாங்க."