கரி பிடித்த தகடு

உலை ஆறிவிட்டது. எரிவாயுவிலிருந்து மின்சாரம் எடுக்கும் கலத்தின் பீங்கான் தகட்டைப் பெரியவர் இடுக்கியால் தூக்கிச் சன்னல் வெளிச்சத்தில் பிடிக்கிறார். சாம்பல் நிறத்தில் இருக்க வேண்டிய நிக்கல் பக்கம் முழுக்கக் கரி அப்பியிருக்கிறது; நடுவில் மயிரிழையாக ஒரு விரிசல். எதிரே, ஆய்வுக்கூடத்தில் பாதிப் பங்குள்ள தம்பி கையுறையைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக நிற்கிறார். "எரிவாயுவோட கலக்குற நீராவியைக் குறைச்சியா?" "கொஞ்சம்தாண்ணே. ஆவி அதிகமாப் போனா வோல்ட் இறங்குது. பாக்க வர்றவங்க முன்னாடி நம்பர் நல்லா இருக்கணும்ல?" "குறைச்சா கரி பிடிக்கும்னு தெரியாது?" "தெரியும். ஆனா ஆயிரம் மணி நேரம் ஓடிச்சுன்னு அறிக்கை அடிச்சாச்சே. பழைய தகட்டுப் படத்தை ஒட்டிடலாம். யாரு பிரிச்சுப் பாக்கப் போறா?" பெரியவரின் காது மடல் சிவக்கிறது. குரல் மட்டும் உயரவில்லை. "அப்பா பேரை வாசல்ல மாட்டி வச்சுக்கிட்டுப் பேசுற பேச்சா இது?" தகட்டை இறக்கி வைக்கிறார், கரி பொடிப்பொடியாக வெள்ளை மேசையில் உதிர்கிறது. "உக்காரு. ஆயிரத்தை அழி. நாப்பதாவது மணி நேரத்துல கரி பிடிச்சு விரிசல் விட்டுச்சுன்னு எழுது. யாரால கெட்டுதுன்னும் எழுது." "என் பேரையாண்ணே?" "முதல்ல என் பேரு. மூத்தவன் நான்தானே."