கால்சியத்துக்கு என்ன வேலை?

அஜித்குமாரின் இங்கிலீஷ், வாய்மொழித் தேர்வு அறை வாசல் வரைக்கும் கூட வந்தது. நாற்காலியில் உட்கார்ந்ததும் கைவிட்டுவிட்டது.

தசை சுருங்குவதில் கால்சியத்துக்கு என்ன வேலை? வேறு கல்லூரியிலிருந்து தேர்வாளராக வந்திருந்த டாக்டர் சீதா கேட்டது அவ்வளவுதான்.

போன தடவை பிசியாலஜியில் கோட்டை விட்டவன். இதிலும் போனால் ஜூனியர் பசங்களோடு உட்கார வேண்டும்.

அடுத்த ஆள் நான். பாதி திறந்திருந்த கதவை ஒட்டி நின்றேன். எனக்கும் பதில் தெரியாது.

"மேடம், தமிழ்ல சொன்னா மார்க் குறையுமா?" என்றான்.

குறையாது என்று தலையசைத்தார்.

ஆக்டின் பொண்ணு, மயோசின் பையன் என்று ஆரம்பித்தான். இரண்டு பேருக்கும் கையைப் பிடித்துக்கொள்ள ஆசை. ஆனால் சோபாவின் நடுவில் பொண்ணோட அப்பா முறுக்குத் தட்டோடு உட்கார்ந்திருக்கிறார். அவர்தான் ட்ரோபோமயோசின். அவர் நகராமல் ஒன்றும் நடக்காது.

மானம் போகிறதே என்று தலையில் அடித்துக்கொண்டேன். உள்ளே யாரோ சிரித்தார்கள். அந்தம்மாதான்.

அவ்வளவுதான், இவனுக்கு வாய் நீண்டுவிட்டது.

அபார்ட்மென்ட்டுக்குக் கீழே ஒரு நண்பன் தயாராக நிற்கிறான். அவன்தான் கால்சியம். நரம்பிலிருந்து சிக்னல் வந்ததும், அதாவது மிஸ்டு கால் வந்ததும், ஓடிப்போய் இன்டர்காமை அமுக்குகிறான். இன்டர்காம்தான் ட்ரோபோனின். சார், உங்க கார் வழியில நிக்குது என்கிறான். அப்பா சாவியோடு எழுந்து போகிறார். கை கையைப் பிடிக்கிறது. தசை சுருங்குகிறது. கால்சியம் திரும்பிப் போனதும் அப்பா மேலே வந்து பழைய இடத்தில் உட்கார்ந்துவிடுவார். தசை தளர்ந்துவிடும்.

அதோடு நிறுத்தியிருக்கலாம்.

லிஃப்ட் ரிப்பேர் என்றால் அப்பா நாலு மாடி இறங்கி ஏற வேண்டும், அதனால் சுருக்கம் கொஞ்ச நேரம் நீடிக்கும் என்றான். நேற்றுச் சாயந்திரம் கூட நீடித்தது என்றான்.

சிரிப்பு நின்றது.

எந்த ஏரியா என்று அந்தம்மா மெதுவாகக் கேட்டார். ராஜா அண்ணாமலைபுரம் என்று உளறினான், மடையன்.

மார்க் ஷீட்டில் பேனா ஓடும் சத்தம் கேட்டது.

"பதில் சரிதான், பாஸ் போட்டுட்டேன். எங்க வீட்டுக்காரர் முட்டி வலியில ராத்திரி பூரா தூங்கல. அந்தக் கால்சியம் யாருப்பா?"

பாவி அஜித்குமார், நான் நின்ற கதவுப் பக்கமாகக் கையை நீட்டினான்.