நடக்காத நாற்பது பேர்

"அந்தப் பொண்ணை இன்னையோட நிறுத்திடலாம். லெட்டரை அடிச்சுக் கொடு."

மேடம் சொன்னதும் உதவியாளன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான்.

"இன்னும் ஒரு மாசம் பார்க்கலாமே மேடம்?"

"என்னத்தைப் பார்க்கிறது? ஸ்கிரீன்ல தெரியுதே லட்சணம்!"

மேடம் ஆராய்ச்சியாளர். அவருடைய ஐந்து வருட உழைப்பு ஒரு மொபைல் ஆப். சர்க்கரை நோய்க்காரர்களை எழுப்பி நடக்க வைப்பதுதான் அதன் வேலை. தினமும் சாயங்காலம் "இன்று நடந்தீர்களா?" என்று கேட்கும். "ஆமாம்" என்றால் கைதட்டும். இரண்டு நாள் சேர்ந்தாற்போல "இல்லை" என்றால், ஆபீஸிலிருந்து ஒரு பெண் போன் பண்ணி என்ன ஏதென்று விசாரிப்பாள்.

அந்தப் பெண்ணின் பொறுப்பில் ஒரு பஸ் டிப்போவின் டிரைவர்கள் நாற்பது பேர். முதல் மாதம் ஏதோ நடந்தார்கள். அப்புறம் மூன்று மாதமாக நாற்பது பேரும் "இல்லை". எத்தனை அடி நடந்தார்கள் என்று போனே எண்ணுமே, அதுவும் அதையேதான் சொன்னது. பாத்ரூம் போய் வந்தால்கூட அதைவிட அதிகம் வரும்.

"மத்த இடத்துல பாதிப் பேராவது நடக்கிறாங்க. இங்க மட்டும் எப்படி நாப்பதுக்கு நாப்பது? இவளே 'இல்லை'ன்னு போடச் சொல்லியிருக்கா."

"ஐயோ, அது அப்படிப்பட்ட பொண்ணு இல்ல மேடம்."

"அவ வாயாலேயே சொன்னாளேப்பா! 'எல்லாரும் ஒழுங்கா நடந்துட்டா எனக்கு இங்க வேலையே இல்லையே மேடம்'னு. சொல்லிட்டு என்ன ஒரு சிரிப்பு!"

உதவியாளன் மறுபடியும் கண்ணாடியைத் துடைத்தான். அதில் ஒரு தூசியும் இல்லை.

லெட்டரைக் கைப்பையில் போட்டுக்கொண்டு மேடம் நேராக டிப்போவுக்கே கிளம்பிவிட்டார். கையும் களவுமாகப் பிடித்துவிட்டுத்தான் கொடுப்பது என்று முடிவு.

மதியம் ஒரு மணி. டிரைவர்கள் ஓய்வறையில் ஈ காக்காய் இல்லை. பெஞ்சின் மேல் பதினாலு போன்கள் மட்டும் வரிசையாகக் கிடந்தன.

"போனைக்கூடத் தொடறதில்லை பாரேன்!" மேடத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கே படுத்துத் தூங்குகிறார்கள் என்று பின்பக்கம் போனவர் அப்படியே நின்றுவிட்டார்.

பஸ் கழுவும் இடத்தைச் சுற்றிப் பதினாலு டிரைவர்கள், பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு, விசுக் விசுக்கென்று நடந்துகொண்டிருந்தார்கள். முன்னால் போன மூத்த டிரைவர் அதட்டினார்.

"ஒன்பதாவது சுத்து! அரட்டையைக் குறைங்கப்பா, கையை வீசி நடங்க!"

ஆப் கொடுக்க வந்த அன்றே பார்த்திருந்த மேடத்தை அடையாளம் கண்டதும் அவர் முகம் வெளிறிப்போனது.

"தினமும் நடக்கிறீங்களா?" என்றார் மேடம்.

"அது வந்து... மூணு மாசமா, ஷிப்ட் ஷிப்ட்டா நாப்பது பேரும். பாருங்களேன், பெல்ட்டுல புதுசா ரெண்டு ஓட்டை போட்டாச்சு!" பெருமையாகக் காட்டியவர், தப்பு பண்ணிவிட்டது போலச் சட்டென்று சட்டையை இழுத்து மூடிக்கொண்டார்.

"அப்ப போன்?"

"ரூம்லயே வெச்சுட்டு வந்துடுவோம். கூட எடுத்துட்டு வந்தா அது காட்டிக் கொடுத்துடுமே!"

அதற்குள் ஓய்வறையில் ஒரு போன் அடித்தது.

"ஐயையோ, நம்ம பொண்ணு!"

பதினாலு பேரும் ஓட்டமும் நடையுமாகப் போனார்கள். மேடமும் பின்னாலேயே போனார். மூத்தவர் ஸ்பீக்கரில் போட்டார்.

"அண்ணா, நேத்தும் 'இல்லை'ன்னு போட்டிருக்கீங்க!"

"எங்கேம்மா... முடியல."

"ஏன்ணா இப்படி மூச்சு வாங்குது?"

"அது... இப்பதான் படுத்து எழுந்தேன்."

சுற்றி நின்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

"விளையாடாதீங்கண்ணா. அன்னைக்குக் கால் மரத்துப் போகுதுன்னு சொன்னீங்க, அதுலேருந்து எனக்கு அதே நினைப்பா இருக்கு. எனக்காக ஒரு பத்து நிமிஷம் நடங்கண்ணா, ப்ளீஸ். வேணும்னா நான் அண்ணிகிட்ட பேசட்டுமா?"

யாரும் இப்போது சிரிக்கவில்லை.

"நாளைக்குக் கண்டிப்பா நடக்கிறேம்மா" என்று சொல்லிப் போனை வைத்தார் மூத்தவர். அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

"இவ்வளவு கெஞ்சறாளே! நடந்துட்டே ஏன் நடக்கலைன்னு சொல்றீங்க?" மேடத்தின் கை கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது.

மூத்தவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

"'நீங்க எல்லாரும் நடந்துட்டா எனக்கு இங்க வேலையே இல்லை'ன்னு ஒரு நாள் அது சிரிச்சுக்கிட்டே சொல்லுச்சு மேடம். அதுக்குச் சிரிப்பு, எங்களுக்கு மனசு கேக்கல. வீட்டுல அது சம்பாத்தியம் மட்டும்தானாம். உங்களைக் கெஞ்சிக் கேக்கிறோம்... நாங்க தேறிட்டோம்னு எழுதி, அந்தப் பொண்ணு வேலைக்கு உலை வெச்சுடாதீங்க!"