துவைக்காத சாக்ஸ்

தெங் ஷூவைக் கழற்றினார். மெத்தைக் கடையே மூக்கைப் பொத்திக்கொண்டது.

"ஐயையோ, வந்துட்டாருடா சாமி!" என்றாள் விற்பனைப் பெண் மின்யூ.

வூஹான் வெயிலுக்குப் பயந்து ஏசி ஓடுகிற கடையில் நாலு பேர் வந்து கண்ணயர்வது ஊர் வழக்கம்தான். யாரும் தப்பாக நினைப்பதில்லை. ஆனால் அவர்களெல்லாம் கால் மணி நேரத்தில் எழுந்து போகிற மரியாதைக்காரர்கள். தெங் அப்படியா? தினமும் மத்தியானம் வந்து மூன்றாவது வரிசையில் அதே தென்னைநார் மெத்தையில் விழுந்தால், இரண்டு மணி நேரம் அசைய மாட்டார். குறட்டை வேறு.

"எழுந்திருங்கய்யா! இது கடையா, சத்திரமா?"

"படுத்துப் பார்த்துத்தானேம்மா வாங்கணும்?"

"அதுக்காக ஒன்றரை மாசமாவா படுத்துப் பார்ப்பாங்க?"

"என் முதுகு கொஞ்சம் மந்தம். யோசிச்சுத்தான் முடிவு சொல்லும்."

முதலாளி உள்ளேயிருந்து கத்தினார். "அந்த ஆளை வெளியே தள்ளு மின்யூ!"

"தள்ளினா யாராவது வீடியோ எடுத்துப் போட்டுடுவாங்க சார். நம்ம கடை பேர்தான் கெடும்!"

முதலாளி அடங்கிவிட்டார். தெங் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மனுஷன் சோம்பேறி என்று நினைத்துவிடாதீர்கள். தண்ணீர் கேனைத் தோளில் வைத்து ஆறு மாடி ஏறுகிறவர். விஷயமே வேறு.

ஜூலை ஆறாம் தேதி மனைவி ஹுய்லானோடு இந்தக் கடைக்கு வந்தார். நூடுல்ஸ் கடையில் விடியற்காலையிலிருந்து நின்று நின்று இடுப்பு போனவள் அவள். பலகைக் கட்டிலில் புரளும்போதெல்லாம் "அம்மா" என்று முனகுவாள். அன்று இந்த மெத்தையில் சும்மா சாய்ந்தவள், ஒரு முனகல் இல்லாமல் தூங்கிப்போனாள். மூன்று வருஷத்தில் முதல் தடவை! தெங்குக்குக் கண் கலங்கிவிட்டது. சட்டைக் கையால் துடைத்துக்கொண்டார்.

விலையைக் கேட்டதும் அழுகை நின்றுவிட்டது. மூவாயிரத்து அறுநூறு யுவான்! கையில் இருந்தது அதில் பாதிதான்.

"ஆகஸ்ட் கடைசி நாள், பார்வைக்குப் போட்ட மெத்தையெல்லாம் பாதி விலைக்குக் கொடுப்போம். அதுவரைக்கும் இது விக்காம இருந்தா உங்களுக்கு," என்றாள் மின்யூ.

"எனக்காக எடுத்து வையேன் தங்கச்சி."

"எடுத்து வச்சா முதலாளி என் சீட்டைக் கிழிச்சிடுவாருய்யா."

அவளால் எடுத்து வைக்க முடியாது. சரி, வேறு யாரும் எடுக்காமல் பார்த்துக்கொள்ளலாம் அல்லவா? தெங்குக்கு மூளை பளிச்சென்று வேலை செய்தது. அன்றிலிருந்து சாக்ஸைத் துவைக்க விடவில்லை. மத்தியானச் சாப்பாட்டோடு நாலு பல் பச்சைப் பூண்டு. பிறகு நேராகக் கடை, மெத்தை, குறட்டை.

யோசனை பலித்தது! கல்யாணம் ஆகப்போகிற ஒரு ஜோடி வந்து, "இதுதான் வேணும்" என்று நின்றது. தெங் குறட்டையை ஒரு படி ஏற்றினார். மின்யூ அவர்களிடம் ஏதோ கிசுகிசுத்தாள். இருவரும் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள்.

இன்னொரு நாள் ஒரு பணக்காரர் வந்தார். "முழு விலையும் தர்றேன். இப்பவே வண்டியில ஏத்துங்க."

தெங்குக்குப் பகீரென்றது. போச்சு! கண்ணை இறுக மூடிக்கொண்டு, காலை மட்டும் அவர் பக்கமாக நீட்டினார். ஓரக்கண்ணால் பார்த்தால், மின்யூ மெத்தையின் கால்பக்க மூலையைத் தூக்கி எதையோ காட்டிக்கொண்டிருந்தாள். நாரின் தரத்தைக் காட்டுகிறாள் போலிருக்கிறது. காட்டட்டுமே, என் சாக்ஸைத் தாண்டி எவன் வாங்குவான்!

பணக்காரர் உதட்டைப் பிதுக்கிவிட்டு அடுத்த வரிசைக்கு நகர்ந்தார்.

ஆகஸ்ட் முப்பத்தொன்று. கடை திறக்கும்போதே தெங் வாசலில் நின்றார், கையில் பணத்தோடு.

"எடுத்துட்டுப் போய்த் தொலைங்கய்யா!" என்றாள் மின்யூ, முதலாளி காதில் விழும்படி. "நீங்க படுத்த மெத்தையை இனிமே எவன் வாங்குவான்?"

முதலாளியும் "ஆமா ஆமா, முதல்ல அதை அனுப்பு" என்று தலையாட்டினார். தண்ணீர் வண்டியிலேயே மெத்தையை ஏற்றி, தெருவெல்லாம் மணியடித்துக்கொண்டு ராஜா மாதிரி வீடு வந்து சேர்ந்தார் தெங்.

ஹுய்லான் படுத்தாள். இந்தப் பக்கம் புரண்டாள். அந்தப் பக்கம் புரண்டாள். "அம்மா" வரவில்லை. சிரிப்புத்தான் வந்தது.

"பார்த்தியா!" மார்பைத் தட்டிக்கொண்டார் தெங். "கோடை முழுக்கக் காவல் காத்தேன். ஒருத்தனை நெருங்க விட்டேனா? எல்லாம் என் சாக்ஸோட மகிமை!"

"மகாராசா, இப்பவாவது அதைத் துவைக்கலாமா?"

"தாராளமா!"

விரிப்பைச் செருகுவதற்காகக் கால்பக்க மூலையைத் தூக்கினார். உறையில் ஊக்கு குத்தி ஒரு சிவப்பு அட்டை தொங்கியது. கடையின் அட்டைதான். மின்யூவின் கையெழுத்து.

"என்னங்க அது? படிங்களேன்."

தெங் வாய்விட்டுப் படித்தார். 

'விற்றாகிவிட்டது. வாங்கியவர் பெயர்: தெரியாது. மனைவி தூங்கியதைப் பார்த்து அழுதவர். தேதி: ஜூலை 6.'