ஆண் தேனீ கொட்டாது

'மார்ச் 4. சிறு தவறு செய்துவிட்டேன். இணையக் கலைக்களஞ்சியத்தில் ஆண் தேனீ கொட்டாது என்று எழுதினேன், சான்று சேர்க்கவில்லை.'

தேனீ ஆய்வாளர் நாட்குறிப்பிலிருந்து நிமிர்ந்தாள். 'புலி' என்ற பெயரில் யாரோ அந்த வரியை அழித்து, 'சாண்று எங்கே?' என்று கேட்டிருந்தார்கள்.

"இருபது வருஷமா தேனீயோட மல்லுக்கட்டறேன். என்கிட்டயே சான்றா? அந்த வரி நிக்காம விடமாட்டேன்!"

"விதி எல்லாருக்கும் ஒண்ணுதானே? கொடுத்துடேன்" என்றான் கணவன், தன் கணினியைப் பார்த்தபடி.

ஆய்வு நூல் ஒன்றைத் தேடியெடுத்து, பக்க எண்ணோடு சேர்த்தாள். 'ஏற்கிறேன்' என்று புலி பணிந்தது.

"ஜெயிச்சுட்டேன்! புலி பூனையாயிடுச்சு!"

"பாவம், யார் பெத்த பிள்ளையோ!"

"உங்கம்மா பெத்த பிள்ளைதான்! சான்றுக்கு மூணு சுழி போடற புலி இந்த வீட்லதாங்க இருக்கு!"

கணவன் அசடு வழிந்தான்.

அவள் குறிப்பை முடித்தாள்: 'நாளை: பெண் தேனீ கொட்டும் என்று எழுத வேண்டும். சான்றோடு.'